உங்கள் மன வரைபடம் எந்த அலமாரியில் இருக்கிறது?

குரூப் 2 தேர்வுக்குப் படிக்கும் ஓர் அக்காவையும் தம்பியையும் நினைத்துக்கொள்வோம். அக்கா சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறார். தம்பி மதுரையில் விடுதியில் இருக்கிறான். இருவருக்கும் பொதுவாக ஒரு மன வரைபடம் கணினியில் வளர்கிறது. நடுவில் ‘இந்திய அரசியலமைப்பு’. சுற்றிலும் கிளைகள்: அடிப்படை உரிமைகள், வழிகாட்டு நெறிகள், நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம். அடிப்படை உரிமைகளைத் திறந்தால் 12 முதல் 35 வரையிலான சட்டப்பிரிவுகள். ஒவ்வொன்றின் கீழும் தீர்ப்புகள், திருத்தங்கள், பழைய கேள்வித்தாள்களில் வந்த கேள்விகள். மாதக்கணக்கில் உட்கார்ந்து சேர்த்த உழைப்பு அது.

அந்த உழைப்பு எந்த வடிவில், எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? சாவி யாரிடம் இருக்கிறது? இதைத் தெரிந்துகொள்ளாமலேயே பலர் வரைந்துகொண்டு போகிறார்கள். வண்ணமும் வளைவும் அழகாக இருந்தால் போதும் என்று மென்பொருளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது திறக்க முடியாமல் போனால், அந்த வண்ணங்களால் ஒரு பயனும் இல்லை. ஆகவே திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்துவிடலாம். சமையலறையை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் எல்லாமே பிடிபடும்.

இலையில் இருப்பதும் டப்பாவில் இருப்பதும்

மன வரைபடத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் இங்கிலாந்தின் டோனி பூசான். 1974-இல் பிபிசியில் ‘யூஸ் யுவர் ஹெட்’ என்ற தொடரை நடத்தினார். நடுவில் ஒரு படம், அதிலிருந்து வளைந்து செல்லும் வண்ணக் கிளைகள், கிளைக்கு ஒரு சொல் என்பது அவர் வகுத்த முறை. அவர் தாளில் வரைந்தார். தாளில் கோடும் சொல்லும் பிரிக்க முடியாதவை. கணினியில் நிலைமை வேறு.

திரையில் தெரியும் வரைபடம் இலையில் பரிமாறிய சாப்பாடு. அலமாரியில் அந்தச் சாப்பாடு இல்லை. அரிசியும் பருப்பும் புளியும்தான் இருக்கின்றன. கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் அதைப் புதிதாகச் சமைத்துப் பரிமாறுகிறது. அப்படியென்றால் கோப்பில் என்ன இருக்கிறது? ஒவ்வொரு கணுவுக்கும், அதாவது வரைபடத்தில் ஒரு சொல்லோ சொற்றொடரோ நிற்கும் புள்ளிக்கும், அதன் சொற்கள், அதற்கென்று ஓர் அடையாள எண், அது எந்தக் கணுவின் கீழ் வருகிறது, உடன்பிறந்த கணுக்களில் எத்தனையாவது என்ற விவரம். இவ்வளவுதான் அரிசி, பருப்பு. நிறம், சின்னம், கிளை மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதெல்லாம் மேலே தூவும் கொத்துமல்லி.

எந்தக் கணு திரையில் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான மென்பொருள்கள் கோப்பில் எழுதிவைப்பதில்லை, கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கின்றன. நுனியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கிளைக்கும் எவ்வளவு உயரம் தேவை என்று கூட்டிக்கொண்டே நடுவுக்கு வரும். பிறகு நடுவிலிருந்து வெளியே இடத்தைப் பங்கிட்டுக்கொண்டு போகும். இப்படிக் கிளைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வரைவதற்கான புகழ்பெற்ற வழிமுறையை ரெயின்கோல்டு, டில்ஃபோர்டு ஆகிய இருவர் 1981-இல் வெளியிட்டார்கள். ஒரு கிளையை மூடியதும் மற்றவை நகர்ந்து இடத்தை நிரப்புவது இந்தக் கணக்கு மறுபடி ஓடுவதால்தான்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. வரைபடத்தைப் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ எடுத்து வைத்துக்கொண்டு, ‘என்னிடம் பிரதி இருக்கிறது’ என்று நம்பாதீர்கள். சோற்றிலிருந்து அரிசியை எடுக்க முடியாது. படத்தைப் பார்க்கலாம், அச்சடிக்கலாம். கிளையை நகர்த்தவோ புதிய கணு சேர்க்கவோ வழியில்லை.

இனி டப்பாக்களைப் பார்ப்போம். ஃப்ரீமைண்ட் என்ற இலவச மென்பொருளும் அதிலிருந்து பிரிந்து வளர்ந்த ஃப்ரீபிளேனும் எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவத்தில் சேமிக்கின்றன. ஒரு கணுவின் குறிக்குள் இன்னொரு கணுவின் குறி, அதற்குள் இன்னொன்று என்று கிளையமைப்பு அப்படியே எழுத்தில் இருக்கும். கண்ணாடி ஜாடி மாதிரி, திறக்காமலேயே உள்ளே என்ன என்று தெரியும். நோட்பேடில் திறந்தாலே போதும். (ஃப்ரீமைண்ட் கோப்பில் தமிழுக்குப் பதில் எண்கள் வரிசையாகத் தெரிந்தால் பதற வேண்டாம். தமிழ் எழுத்துகளை அது யூனிகோட் எண்களாக எழுதிவைக்கிறது. சரக்கு பத்திரமாகத்தான் இருக்கிறது.)

எக்ஸ்மைண்ட் கோப்பு அஞ்சறைப்பெட்டி. வெளியே ஒரே மூடி. ஆனால் அது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே தனித்தனிக் கிண்ணங்கள் தெரியும்: வரைபடத்தின் உள்ளடக்கம் ஒன்றில், சிறு முன்னோட்டப் படம் ஒன்றில், நீங்கள் ஒட்டிய படங்கள் இன்னொன்றில். அந்த உள்ளடக்கம் பழைய பதிப்புகளில் எக்ஸ்எம்எல், இப்போது ஜேசான். இரண்டுமே மனிதர் படிக்கக்கூடிய எழுத்து. மைண்ட்மேனேஜரின் கோப்பும் இதே போன்ற ஜிப் பெட்டிதான். இணையத்தில் இயங்கும் மைண்ட்மைஸ்டர் போன்ற சேவைகளில் டப்பா உங்கள் வீட்டிலேயே இல்லை. சரக்கு முழுவதும் அவர்களுடைய தரவுத்தளத்தில் இருக்கிறது. நீங்கள் ஏற்றுமதி செய்யும்போதுதான் முதன்முறையாக ஒரு கோப்பே உருவாகிறது.

அளவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. ‘வரைபடம் பெரிதாகிவிட்டது, இடம் போதவில்லை, அதனால் கிளவுடுக்குப் போகிறேன்’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ‘அம்மா’ என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறியீடுகள். ஆகவே 15 பைட். கணுவுக்கு 20 குறியீடுகள் வீதம் 1,000 கணுக்கள் எழுதினாலும் சொற்களுக்கு ஆவது 60,000 பைட். அடையாள எண்களையும் குறிகளையும் சேர்த்தாலும் சில நூறு கிலோபைட்டைத் தாண்டாது. கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைவிடப் பல மடங்கு பெரியது. கிளவுடைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணங்கள் இருக்கின்றன; இடப் பற்றாக்குறை அவற்றில் ஒன்றல்ல.

வீட்டுச் சமையலறை

கோப்பு உங்கள் மடிக்கணினியிலேயே இருந்தால், அது வீட்டுச் சமையலறை. வன்தட்டு, அதாவது ஹார்டு டிஸ்க், சரக்கு அலமாரி. ரேம் என்பது அடுப்பு மேடை. வரைபடத்தைத் திறக்கும்போது டப்பாவிலிருந்து சரக்கு மேடைக்கு வருகிறது. நீங்கள் செய்யும் எல்லா மாற்றமும் மேடையில்தான் நடக்கிறது. மின்சாரம் போனால் மேடை துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். அலமாரியில் திரும்ப வைத்தது மட்டும் மிஞ்சும். ‘செயல்தவிர்’ பட்டனை அழுத்தி ஒவ்வொரு படியாகப் பின்னால் போகிறோமே, அந்தப் பட்டியலும் பெரும்பாலான மென்பொருள்களில் மேடையில்தான் கிடக்கிறது. மூடித் திறந்தால் அது இருக்காது.

சேமிக்கும் வேலையில் நல்ல மென்பொருளுக்கு ஒரு கைப்பக்குவம் உண்டு. பழைய டப்பாவைக் காலி செய்துவிட்டு அதிலேயே புதிதைக் கொட்டாது. பாதியில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்றாகிவிடும். அதனால் பக்கத்தில் ஒரு புதிய டப்பாவை எடுத்து முழுதாக நிரப்பி, மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டும். பெயர் மாற்றுவது கணினியில் நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில், பாதியில் நிற்காமல் முடிகிற வேலை. இந்த ஒழுங்கு எத்தனையோ பேரின் உழைப்பைச் சத்தமில்லாமல் காப்பாற்றியிருக்கிறது.

வீட்டுச் சமையலறையின் பெரிய நிம்மதி, யாரையும் கேட்க வேண்டாம் என்பது. இணையம் வேண்டாம், சந்தா வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். மென்பொருளை எழுதிய நிறுவனம் மூடிவிட்டாலும், கணினியில் நிறுவிய பிரதி இயங்கும்வரை சமைக்கலாம். அதன் பெரிய ஆபத்து, எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, முடிச்சூர் வீடுகளின் தரைத்தளங்களில் நனைந்தவை பாத்திரங்களும் மெத்தைகளும் மட்டுமல்ல. கணினிகளும் அவற்றுக்குள் இருந்த குடும்பப் படங்களும் மாணவர்களின் குறிப்புகளும் சேர்ந்தே போயின. பென்டிரைவில் எடுத்துவைத்திருந்தாலும் அது அதே மேசை டிராயரில்தான் இருந்திருக்கும். அதே நாட்களில் மின்சாரமும் கைப்பேசி இணைப்பும் நகரின் பல பகுதிகளில் போயிருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. வேறெங்கோ வைத்திருந்தவர்களுக்கும் அப்போது எட்டவில்லை, ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு கிடைத்தது.

மண்டபத்துச் சமையல்கட்டு

கிளவுட் என்பது கல்யாண மண்டபத்தின் பெரிய சமையல்கட்டு. அண்டாவும் அடுப்பும் அவர்களுடையவை. சென்னையிலிருந்து அக்காவும் மதுரையிலிருந்து தம்பியும் ஒரே நேரத்தில் ஒரே அண்டாவில் கரண்டி போடலாம். கிளவுடின் உண்மையான பலம் இதுதான், சிக்கலும் இதுதான்.

சாம்பாரில் உப்புக் குறைவு என்று இருவரும் தனித்தனியே கண்டுபிடிக்கிறார்கள். இருவரும் ஒவ்வொரு கைப்பிடி போடுகிறார்கள். தனியாகப் பார்த்தால் இருவர் செய்ததும் சரி, சேர்ந்து பார்த்தால் கரிக்கிறது. வரைபடத்திலும் அப்படித்தான். தம்பியின் திரையில் இருக்கும் முழு வரைபடத்தையும் அனுப்பி, சேவையகம் அதை அப்படியே வைத்துக்கொண்டால், அதே நிமிடத்தில் அக்கா எழுதியது எல்லாம் அழிந்துவிடும். ஆகவே முழு அண்டாவையும் மாற்றுவதில்லை. ‘சமத்துவ உரிமையின் கீழ், மூன்றாவது இடத்தில், பிரிவு 17: தீண்டாமை ஒழிப்பு என்று சேர்’ என்பது போன்ற ஒற்றைக் கட்டளை மட்டும் பறக்கிறது. தலைமைச் சமையல்காரராகச் சேவையகம் நின்று, வந்த கட்டளைகளை ஒரு வரிசைக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் சொல்கிறது. அக்காவும் அதே மூன்றாவது இடத்தில் ஒன்றைச் சேர்த்திருந்தால், பின்னால் வந்ததை நான்காவது என்று திருத்திக்கொள்கிறது.

கட்டளையை இப்படித் திருத்திப் பொருத்தும் முறையை 1989-இல் அமெரிக்காவின் எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். அவர்கள் அதற்காக உருவாக்கிய ‘குரோவ்’ என்ற மென்பொருள், பலர் சேர்ந்து உள்தலைப்புப் பட்டியல் எழுதுவதற்கானது. உள்தலைப்புப் பட்டியலை வட்டமாக விரித்தால் மன வரைபடம். இன்று நாம் கூகுள் டாக்ஸில் பார்க்கும் கூட்டு எழுத்துக்கான யோசனை, மன வரைபடத்தின் நெருங்கிய சொந்தத்திலிருந்துதான் வந்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கிளையை இழுத்து வேறிடத்தில் வைப்பதுதான் கடினமான வேலை. சொத்துரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கியது. இப்போது அது 300ஏ பிரிவில் வெறும் சட்ட உரிமையாக இருக்கிறது. அதனால் அக்கா ‘சொத்துரிமை’ கணுவை இழுத்து வெளியே தனிக் கிளையில் வைக்கிறார். அதே நொடியில் தம்பி அதன் கீழ் ‘44-ஆவது திருத்தம்’ என்று ஒரு குறிப்புச் சேர்க்கிறான். குறிப்பு எங்கே போகும்? பெயர்ச் சீட்டை அலமாரித் தட்டில் ஒட்டாமல் டப்பாவிலேயே ஒட்டியிருந்தால், டப்பா எங்கே போனாலும் சீட்டும் போகும். கணுவின் அடையாள எண் அந்தச் சீட்டு. குறிப்பு அந்த எண்ணோடு கட்டப்பட்டிருப்பதால் புதிய இடத்துக்குத் தானாகவே வந்துவிடும். ஆனால் ‘நகர்த்து’ என்பதை ‘அங்கே அழி, இங்கே புதிதாக உண்டாக்கு’ என்று எழுதிவைத்த மென்பொருளில், பழைய எண் செத்துப்போகும். தம்பியின் குறிப்பும் அதோடு தொலையும்.

இன்னும் ஒரு படி மேலே போவோம். நீதிப்பேராணைகளை உச்ச நீதிமன்றத்தின் கீழ் வைக்கிறார் அக்கா. உச்ச நீதிமன்றத்தை நீதிப்பேராணைகளின் கீழ் வைக்கிறான் தம்பி. இந்தத் தூக்கை அந்தத் தூக்குக்குள்ளும், அந்தத் தூக்கை இந்தத் தூக்குக்குள்ளும் ஒரே சமயத்தில் வைக்க முடியாது. இரண்டையும் ஏற்றுக்கொண்டால் அந்தக் கிளைகள் நடுவோடு தொடர்பற்று அந்தரத்தில் சுற்றும். கணினி ஆய்வாளர் மார்ட்டின் கிளெப்மனும் அவருடன் ஆய்ந்தவர்களும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: எல்லாக் கணினிகளும் நகர்த்தல்களை ஒரே கால வரிசையில் அடுக்கட்டும், தாமதமாக வந்த கட்டளைக்காகப் பின்னோக்கிப் போய் மறுபடி செய்துகொண்டு வரட்டும், எந்த நகர்த்தல் சுழலை உண்டாக்குமோ அதை மட்டும் விட்டுவிடட்டும். தலைமைச் சமையல்காரர் இல்லாமலேயே எல்லா அடுப்பிலும் ஒரே சாம்பார் கிடைக்கும். இணைப்பில்லாத ரயிலில் எழுதியதைப் பிறகு சேர்ப்பதற்கும் இத்தகைய முறைகள்தான் கைகொடுக்கின்றன. மூலப்பிரதி பயனர் கையில், சேவையகத்தில் துணைப்பிரதி என்ற கொள்கையை 2019-இல் இன்க் அண்ட் ஸ்விட்ச் ஆய்வகத்தின் கட்டுரை தெளிவாக எழுதிவைத்தது. மென்பொருள் உலகம் போக வேண்டிய திசை அது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மண்டபம் எரியாது என்று நினைக்க வேண்டாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. வேறிடத்தில் பிரதி வைக்காத வாடிக்கையாளர்கள் தங்கள் தரவை நிரந்தரமாக இழந்தார்கள்.

பொதுக் கதவு வைத்த அலமாரி

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி பலர் கையாள்வது: கோப்பைக் கணினியிலேயே வைத்து, அந்த ஃபோல்டரை டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்ற ஒன்றோடு இணைப்பது. நல்ல வழிதான், ஆனால் இங்கே நகல் எடுப்பவருக்குச் சமையல் தெரியாது. டப்பாவுக்குள் கணு இருக்கிறதா கிளை இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. டப்பா மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். அக்காவும் தம்பியும் இணைப்பில்லாமல் ஒரே கோப்பை மாற்றியிருந்தால், இரண்டையும் சேர்க்கத் தெரியாமல், ‘முரண்பட்ட நகல்’ என்று பெயரிட்டு இரண்டாவது டப்பா ஒன்றை வைத்துவிடுவார். சேர்த்துப் பார்க்கும் வேலை உங்கள் தலையில்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். முதலாவது, அழிப்பதும் நகலாகும். தம்பி தவறுதலாக அழித்தால் அக்காவின் கணினியிலும் அது போய்விடும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள் வைத்திருக்கும். 31-ஆம் நாள் நினைவுக்கு வந்து பயனில்லை. இரண்டாவது, உங்கள் ஃபோல்டரில் தெரியும் பெயர் எல்லாம் கோப்பு அல்ல. இடத்தை மிச்சப்படுத்த, ஒன்டிரைவ் போன்றவை பெயரை மட்டும் காட்டிவிட்டு, தொட்டால்தான் இறக்கும். கூகுள் டாக்ஸ் ஆவணம் கணினி ஃபோல்டரில் தெரிவது வெறும் சுட்டி. அது ‘மண்டபத்தில் போய்க் கேள்’ என்று சீட்டு எழுதிப் போட்ட காலி டப்பா. அதைப் பென்டிரைவில் நகலெடுத்தால் சீட்டுத்தான் நகலாகும்.

சாவியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான சேவைகள் உங்கள் தரவைப் பூட்டித்தான் வைக்கின்றன. ஆனால் சாவி அவர்களிடம். கடவுச்சொல்லை மறந்தாலும் தரவை அவர்களால் மீட்டுத்தர முடிவது அதனால்தான், உள்ளே பார்க்க முடிவதும் அதனால்தான். சாவி உங்களிடம் மட்டும் இருக்கும் முறையும் உண்டு. ஆப்பிள் 2022 டிசம்பரில் ஐகிளவுடுக்கு அதை விருப்பத் தேர்வாகக் கொண்டுவந்தது. பிரிட்டனில் அரசின் நெருக்கடியால் 2025 பிப்ரவரியில் புதிய பயனர்களுக்கு அதை நிறுத்தியது. தேர்வுக் குறிப்புக்கு இவ்வளவு பூட்டுத் தேவையில்லை. ஒரு மருத்துவர் நோயாளியைப் பற்றியோ, ஒரு வழக்கறிஞர் கட்சிக்காரரைப் பற்றியோ வரைந்த வரைபடத்துக்குத் தேவை.

அக்காவும் தம்பியும் என்னிடம் கேட்டால் சொல்வது இதுதான். சேர்ந்து வரையும் காலத்தில் மண்டபத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வாரம் ஒரு முறை அரிசியாகவே வீட்டுக்கு எடுத்துவந்துவிடுங்கள்: மென்பொருளின் சொந்த வடிவில் ஒன்று, ஓபிஎம்எல் வடிவில் ஒன்று. ஓபிஎம்எல் என்பது 2000-இல் மென்பொருள் உருவாக்குநர் டேவ் வைனர் தந்த பொது வடிவம். நிறம், படம், குறுக்கு அம்புக்குறிகள் போய்விடும், ஆனால் சொற்களும் கிளையமைப்பும் நிற்கும். மூன்று பிரதிகள், இரு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் சொன்ன விதி இன்றும் போதுமானது. சென்னையில் ஒன்று, மதுரையில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்றால் அக்காவும் தம்பியும் அதை ஏற்கெனவே நிறைவேற்றிவிட்டார்கள். இலவசத் திட்டத்தில் வரையவிட்டு, ஏற்றுமதியை மட்டும் கட்டணத்துக்குப் பின்னால் வைக்கும் சேவைகளும் உண்டு. அதை முதல் கணு வரையும் முன்பே பாருங்கள், 1,000-ஆவது கணுவுக்குப் பிறகு அல்ல.

இந்த வாரமே ஒரு சோதனை செய்யுங்கள். உங்களுடைய மிகப் பெரிய வரைபடத்தை ஏற்றுமதி செய்யுங்கள். வைஃபையை அணையுங்கள். அந்தக் கோப்பை, அதை உருவாக்காத வேறொரு மென்பொருளில் திறந்து, ஆழத்தில் இருக்கும் ஒரு கணுவைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால், தேர்வு தேதி அறிவிக்கப்படும் முன் வேறு மென்பொருளுக்கு மாறிவிடுங்கள்.